இருபது பைட்டுக் கோப்புகள்

பொம்மனஹள்ளியில் ஓசூர் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு குறுக்குத் தெருவின் மூன்றாம் மாடியில் அந்த அறை இருக்கிறது. காலை எட்டு மணிக்குள் அந்தத் தெரு வழியாக ஆயத்த ஆடை ஆலைகளுக்குப் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் செல்வார்கள். அவர்களுள் பலர் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், தையல் வரிசையில் இரண்டும் கலந்த ஒன்று. அதில் ‘டார்கெட்’, ‘பேட்ச்’, ‘ஹெல்பர்’ முதலிய சொற்கள் தமிழ் வேற்றுமை உருபுகளையும் கன்னட விகுதிகளையும் மாறிமாறி ஏற்கும். அந்த அறையில் குடியிருக்கும் முனைவர் பட்ட ஆய்வு மாணவி மூன்று ஆண்டுகளாகத் தொகுத்துவருவது அந்தப் பேச்சைத்தான்.

ஒலிப்பதிவுகள் ஒரு வெளி வன்தட்டில் இருந்தன. சொற்பதிவுகள், பொருள் விளக்கங்கள், யார் எந்தச் சூழலில் சொன்னார் என்ற குறிப்புகள் ஆகிய மற்றவை அனைத்தும் மடிக்கணினியில் ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இருந்தன. மொழியியல் பயின்ற ஒருவர் தாமே நிரல் எழுதிக் காப்புநகல் எடுக்கப் பழகியிருந்தது துறையில் சற்றே பெருமைக்குரிய செய்தி. ஒவ்வோர் இரவும் பதினொரு மணிக்கு ‘பிஜி-டம்ப்’ என்னும் கட்டளைவரிக் கருவி இயங்கும். அது தரவுத்தளம் முழுவதையும், தொடங்கிய கணத்தில் இருந்த நிலையில், முரணின்றிப் படியெடுத்துத் தரும். அந்தப் படியை ‘ஜிஸிப்’ சுருக்கும். தேதியிட்ட ஒரு கோப்பு மேகச் சேமிப்பகத்துக்குச் செல்லும். முப்பது நாளுக்கு முந்தைய கோப்புகள் தாமாக அழிந்துவிடும். நெறியாளரிடம் ஒருமுறை இதை விளக்கியபோது அவர் மெச்சினார்.

பிழை நேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. ஒரே ஒரு சொல்லின் பொருள் விளக்கத்தைத் திருத்த வேண்டியிருந்தது. திருத்தும் கட்டளையில் எந்தப் பதிவு என்று குறிக்கும் நிபந்தனைத் தொடர் விடுபட்டுப் போயிற்று. ‘அப்டேட் 1’ என்று விடை வரவேண்டிய இடத்தில் ‘அப்டேட் 4812’ என்று வந்தது. 4,812 பதிவுகளின் விளக்கங்களும் ஒரே விளக்கமாக மாறியிருந்தன. பரிமாற்றத்தைத் தொடங்குகிறேன் என்று முன்னதாக அறிவிக்காமல் இட்ட கட்டளை ஆதலால், பின்வாங்கவும் வழியில்லை.

அப்போதும் அவருக்குப் பெரிய கலக்கம் இல்லை. நேற்றிரவுக் கோப்பு இருக்கிறதே என்ற நம்பிக்கையோடு சேமிப்பகத்தைத் திறந்தார். கோப்பு இருந்தது. அதன் அளவு இருபது பைட்டு. அதற்கு முந்தைய நாளுடையதும் இருபது பைட்டு. முப்பது கோப்புகள் ஒழுங்காக, தேதி தவறாமல் அடுக்கப்பட்டிருந்தன. மொத்தம் அறுநூறு பைட்டு. ஒன்றுமில்லாத உள்ளீட்டைச் சுருக்கினால் ஜிஸிப் தரும் வெற்று உறையின் அளவு அது.

காரணம் மிக எளியது. ஏழு வாரங்களுக்கு முன்பு கணினியின் இயங்குதளத்தைப் புதுப்பித்திருந்தார். போஸ்ட்கிரெஸ் 14ஆம் பதிப்பிலிருந்து 16ஆம் பதிப்புக்கு மாறியது. நிரலிலோ பழைய ‘பிஜி-டம்ப்’ இருக்கும் முகவரி அப்படியே எழுதப்பட்டிருந்தது. தன்னைவிடப் புதிய பதிப்பைச் சேர்ந்த தரவுத்தளத்தைப் படியெடுக்க அந்தக் கருவி மறுத்துவிடும். அது சரியான நடத்தையே. ஆனால் குழாய்வழி ஒன்றன்பின் ஒன்றாக இணைத்த கட்டளைகளில், கடைசிக் கட்டளை வென்றதா தோற்றதா என்பதையே கணினி முடிவாகக் கொள்ளும். முதலாவது தோற்றது, இரண்டாவது வெறுமையை வெற்றிகரமாகச் சுருக்கியது. முடிவு: வெற்றி. ‘பைப்ஃபெயில்’ என்ற ஒரு சொல்லை நிரலின் தலையில் இட்டிருந்தால் தோல்வி தோல்வியாகவே பதிவாகியிருக்கும். பிழைச்செய்தி ஒவ்வோர் இரவும் எழுந்தது. அதை அஞ்சலாகக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு அந்தக் கணினியில் இல்லை. நல்ல கோப்புகளையெல்லாம் முப்பது நாள் விதி ஒவ்வொன்றாக அழித்துவிட்டிருந்தது.

இது கற்றுக்குட்டிகளுக்கு மட்டுமே நேரும் பிழையன்று. 2017 ஜனவரி 31 அன்று, நிரலாளர்கள் உலகெங்கும் பயன்படுத்தும் கிட்லேப் தளத்தில் ஏறத்தாழ இதே கதை நடந்தது. நள்ளிரவு நெருங்கும் வேளையில் களைத்திருந்த பொறியாளர் ஒருவர், துணைச் சேவையகத்தில் இருப்பதாக எண்ணி, முதன்மைச் சேவையகத்தின் தரவுக் கோப்புறையை அழிக்கும் கட்டளையை இட்டார். உணர்ந்து நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட்டே மிஞ்சியது. காப்புநகல்களைத் தேடினால், சேமிப்பிடம் காலியாக இருந்தது. தரவுத்தளம் 9.6ஆம் பதிப்பு, படியெடுத்த கருவி 9.2ஆம் பதிப்பு. தோல்வியை அறிவித்த மின்னஞ்சல்களையோ பெறும் சேவையகம் ஏற்க மறுத்துவந்திருந்தது. வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன்பு கையால் எடுத்திருந்த ஒரு படி அவர்களைக் காத்தது. ஆயினும் சுமார் 5,000 திட்டங்களும், 5,000 கருத்துரைகளும், 700 பயனர் கணக்குகளும் போயின. அந்நிறுவனம் எதையும் மறைக்காமல், மீட்புப் பணி நடக்கும்போதே அனைத்தையும் பொதுவில் எழுதியது. பதிப்பு முரண்பாடு, ஓசையற்ற தோல்வி, போய்ச்சேராத அறிவிப்பு: அந்த அறிக்கையைப் பொம்மனஹள்ளி அறையில் படித்தபோது, எட்டாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட தன் வரலாற்றைப் படிப்பதுபோல் இருந்தது.

நான்கு மாதங்களுக்கு முன்பு நெறியாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்த ஒரு முழுப்படி கிடைத்தது. இழப்பு நான்கு மாத உழைப்பு. அதில் பெரும்பகுதிக்கு ஒலிப்பதிவு இருந்தமையால், இரவுகளைச் செலவிட்டு மீண்டும் கேட்டு எழுத முடிந்தது. மீளாதவை பத்தொன்பது பதிவுகள்.

அந்தப் பத்தொன்பதும் ஒரே மூதாட்டி சொன்னவை. இருபது ஆண்டுகளுக்கு மேல் தையல் வரிசையில் இருந்தவர். மேற்பார்வையாளர்களைக் குறிக்கவும், அவர்கள் வருவதை ஒருவருக்கொருவர் உணர்த்தவும், அவர்களின் வசவுகளைத் தங்களுக்குள் திருப்பிப் பேசவும் பெண்கள் வைத்திருந்த மறைமொழியைப் பற்றி அவர் ஒரு பிற்பகல் முழுக்கச் சொன்னார். சொல்லத் தொடங்குமுன், “அத அமத்திடு கண்ணு. எழுதிக்க, ஆனா என் கொரலு வேணாம்” என்றார். “சரிங்க ஆயா” என்று பதிவுக்கருவி அணைக்கப்பட்டது. கேட்கக் கேட்க நேரே தரவுத்தளத்திலேயே தட்டச்சு செய்யப்பட்டது. தாளில் ஒரு வரியும் இல்லை.

பிறகு அந்த மூதாட்டி வேலையை விட்டு, அரூர்ப் பக்கமுள்ள சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டார். மாணவி அங்கும் சென்றார். அன்போடு வரவேற்றவர், களி கிண்டிப் போட்டார், பேரப்பிள்ளைகளைக் காட்டினார். கேட்டதற்குச் சிரித்தார். “அன்னைக்குச் சொன்னது அன்னைக்கு, கண்ணு. இப்ப எதுக்கு அதெல்லாம்?” ஓரிரு சொற்களைச் சொன்னார், அவற்றின் பொருளும் முன்பு சொன்னதாக நினைவிலிருந்ததோடு ஒத்துப்போகவில்லை. ஆலையை விட்டவருக்கு அந்த மொழியின் தேவை விலகியிருந்தது. கள ஆய்வு செய்தவர்கள் இதை அறிவார்கள். ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்கும்போது கிடைப்பது முதல் விடையின் நகலன்று, வேறொரு விடை.

காப்புநகலின் மற்றொரு முகம் அந்தப் பயணத்தில்தான் அவருக்கு உறைத்தது. இருபது பைட்டாக இல்லாமல் அந்த முப்பது கோப்புகளும் நிறைந்தே இருந்திருந்தால்? அவை எந்தப் பூட்டும் இல்லாமல் மேகச் சேமிப்பகத்தில் கிடந்தவை. பெயர்களைச் சங்கேத எண்களாக மாற்றி ஆய்வேட்டில் தருவதாக ஒப்புதல் படிவத்தில் உறுதியளித்திருந்தார். எந்த எண் எவர் என்ற அட்டவணையும் அதே தரவுத்தளத்தில், அதே கோப்பில் இருந்தது. குரல் வேண்டாம் என்றவரின் பெயர், ஆலை, வரிசை எண் எல்லாம் கடவுச்சொல் ஒன்று கசிந்தால் வெளியாகக்கூடிய நிலையில் இருந்திருக்கும். இழக்காமல் வைப்பதும் பிறர் கையில் சிக்காமல் வைப்பதும் இரண்டு வெவ்வேறு கடமைகள். ஒன்றுக்காகப் படிகளைப் பெருக்கப் பெருக்க, மற்றொன்று கடினமாகிறது.

இப்போது அந்த அறையில் ‘ரெஸ்டிக்’ என்னும் கட்டளைவரிக் கருவி இயங்குகிறது. திறமூல மென்பொருள், எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். தரவு கணினியை விட்டு வெளியேறுமுன்பே அதை மறையாக்கம் செய்துவிடுவதால், சேமிப்பகத்தை நடத்துபவர்க்கும் உள்ளே இருப்பது தெரியாது. தரவைத் துண்டுகளாகப் பிரித்து, முன்பே உள்ள துண்டுகளை மீண்டும் சேமிக்காமல் விடுவதால், நாள்தோறும் எடுத்தாலும் இடம் பெருகுவதில்லை. இதற்காகவே ஜிஸிப்பை இடையில் வைப்பதை அவர் நிறுத்தினார். முன்கூட்டியே சுருக்கிய கோப்பில் ஒரு சொல் மாறினாலும் அதற்குப் பின்வரும் பகுதியெல்லாம் மாறித் தோன்றும். 2024இல் வந்த பதிப்பு முதல், படியெடுக்கும் கட்டளையை ரெஸ்டிக்கே இயக்கும் வசதியும் உண்டு. அக்கட்டளை தோற்றால் அந்த நாளுக்குரிய நகல் உருவாகாது. வெற்று உறைக்குத் தேதி இட்டு அடுக்கும் ஏமாற்று இனி இல்லை. தரவுத்தளக் கடவுச்சொல்லையும் அவர் கட்டளைவரியில் எழுதுவதில்லை. அதே கணினியில் இயங்கும் பிற பயனர்கள் அதைக் காணக்கூடும் என்பதால், தமக்கு மட்டுமே படிக்க உரிமையுள்ள தனிக் கோப்பில் வைக்கிறார்.

களஞ்சியத்தைத் தொடங்கும்போதே ரெஸ்டிக் எச்சரிக்கிறது: கடவுச்சொல் தொலைந்தால் தரவு மீளாது. ஆகவே கடவுச்சொல் தாளில் எழுதப்பட்டு இரண்டு உறைகளில் ஒட்டப்பட்டது. ஒன்று நெறியாளரின் மேசை அறையில். மற்றொன்று ஊரில் அம்மாவின் பீரோவில், வீட்டுப் பத்திரத்தோடு. “இது தொலைஞ்சா என்ன ஆகும்?” என்று அம்மா கேட்டார். “மூணு வருஷம் போயிடும்மா” என்ற பிறகு, அது பத்திரத்துக்கு அடியிலிருந்து நகைப்பெட்டிக்குள் இடம் மாறியது.

ஓரிடத்தில் மட்டுமே இருந்தவை அழிந்தால் என்னவாகும் என்பதைத் தமிழர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு மே 31 நள்ளிரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களோடு வேறெங்கும் படியில்லாத ஏட்டுச் சுவடிகளும் போயின. அந்த நினைவு இன்றைய எண்ணிம நூலக முயற்சிகள் பலவற்றின் அடியில் இருக்கிறது. ஆனால் எண்ணிமமாக்கியதோடு பணி முடிவதில்லை. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் பணயத் தாக்குதலுக்கு உள்ளானது. தன் எண்ணிமத் தொகுப்புகளின் பாதுகாப்பான படிகள் தன்னிடம் இருப்பதாகவும், அவற்றை மீட்டு நிறுவுவதற்கேற்ற கட்டமைப்பு இல்லாததே தடை என்றும் அந்நூலகம் 2024இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது. படி இருந்தது, விரிக்கப் பாய் இல்லை.

அதனால் அவர் வகுத்துக்கொண்ட வழக்கம் ஒன்று உண்டு. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று, நண்பரின் கணினியில் ஒரு வெற்றுத் தரவுத்தளத்தை உருவாக்கி, காப்புநகலை அதில் முழுமையாக மீட்டெடுக்கிறார். பதிவுகளை எண்ணிப் பார்க்கிறார். ஏதேனும் ஒரு சொல்லைத் திறந்து அதன் விளக்கத்தை வாசிக்கிறார். பிறகு அந்தத் தரவுத்தளத்தை அழித்துவிடுகிறார். மொத்தம் நாற்பது நிமிடம். துறையின் இளைய மாணவர்கள் இருவர் இப்போது அவரோடு அமர்ந்து தங்கள் தொகுப்புகளையும் அவ்வாறே சோதிக்கிறார்கள். முதல் ஞாயிறன்றே ஒருவரது காப்புநகல் திறக்கவில்லை.

பத்தொன்பது பதிவுகளையும் அவர் நீக்கவில்லை. சொல் இருக்கிறது, சொன்னவரின் சங்கேத எண் இருக்கிறது, தேதி இருக்கிறது. விளக்கம் என்ற இடத்தில், ‘ஆய்வாளரின் கவனக்குறைவால் இழந்தது’ என்று எழுதியிருக்கிறார். ஆய்வேட்டின் பின்னிணைப்பிலும் அவ்வாறே அச்சாகும் என்று நெறியாளரிடம் சொல்லிவிட்டார். அவர் மறுக்கவில்லை.