வேலையிழந்த எலும்பு

எம் அன்னையார் மேற்பற்கள் யாவற்றையும் இழந்து இருபது ஆண்டுகளாயின. பொய்ப்பற்கள் நில்லாது வழுவவே, டைட்டானியத் திருகாணி பொருத்துவிக்க அழைத்துச் சென்றோம். "தாங்குவதற்கு எலும்பில்லையே!" என்றார் வைத்தியர். பல் போனால், வேலையிழந்த தாடையெலும்பும் தேய்ந்துவிடுமாம்.

வழிகள் இரண்டு கூறினார். இடுப்பெலும்பிற் சிறிது எடுத்து ஒட்டலாம். அது பற்றிக்கொள்ளப் பல மாதங்களாகும். அன்றேல், சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பிரானெமார்க் வகுத்தவாறு, நீண்ட திருகாணிகளைக் கன்ன எலும்பில் ஊன்றலாம். ஒட்டு வேண்டியதில்லை; பற்களும் விரைவில் வரும். ஆயினும், மூக்கையடுத்த காற்றறையில் அழற்சி உண்டாகக்கூடும்.

எழுபத்தாறு வயதில் இத்துன்பம் எதற்கு எனத் தயங்கினோம். "தம்பி, பதிகம் பாடும்போது சொல் வழுக்கக்கூடாது, அது போதும்" என்றார் அன்னையார். கன்ன எலும்பையே தெரிந்தோம்.

கடைவாய்ப்பல்லொன்றைக் களைந்துவிட்டு வாளாவிருந்த நாமும், மறுநாளே வைத்தியரை நாடினோம்.