மழை வந்தால் நெட் ஏன் போகிறது? ஏற்காட்டில் கற்ற பாடம்

எங்கள் ஏற்காட்டில் இடி இடித்தாலே, “அக்கா, நெட் போச்சு!” என்று தம்பி கத்துவான். போன வருஷம் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். நெட் இல்லை. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, சேலம் போய்த்தான் அனுப்பினாள்.

மழைக்கும் நெட்டுக்கும் என்ன பகை? கேபிள் அண்ணனிடம் கேட்டேன். கம்பத்தில் தொங்கிய பெட்டியைக் காட்டினார். “இதுதான் கண்ணு, ஆம்ப்ளிஃபையர்.”

செம்பு கேபிளில் போகப் போக சிக்னல் தேயும். அதனால் சில நூறு மீட்டருக்கு ஒரு பெட்டி வேண்டும். அது சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும். ஒவ்வொன்றுக்கும் கரன்ட் வேண்டும். சில்வர் ஓக் கிளை முறிந்து கரன்ட் போய், பேட்டரியும் தீர்ந்தால், அதற்குப் பின்னால் இருக்கும் எல்லா வீடுகளுக்கும் நெட் கட். மின்னல் தாக்கினால் செம்பு வழியே பாய்ந்து போர்டையே கருக்கிவிடும்.

ஃபைபரில் வடிவமைப்பே வேறு. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஓர் இழையின் ஒளியை 32 வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரன்ட்டே வேண்டாம். சுமார் 20 கிலோமீட்டர் வரை நடுவில் ஆம்ப்ளிஃபையரும் தேவையில்லை. கெட்டுப்போகும் இடங்களே குறைந்துவிடுகின்றன.

கிளை விழுந்தால் ஃபைபரும் அறும், உண்மைதான். ஆனால், வெறும் கரன்ட் கட் என்றால் சமாளிக்கலாம். ஆபரேட்டர் பக்கம் பேட்டரி இருந்தால், வீட்டு மோடத்துக்கு ஒரு மினி யுபிஎஸ் போதும். விண்ணப்ப சீசனுக்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்!