0.2 மில்லிமீட்டர் வழக்கு

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது. சாய்ந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்தும் வேலை அதன் பிறகு நீண்ட நாள் நடந்தது. அதுவரை கோடாலியும் ரம்பமுமாகப் பிழைத்த சிலர் அப்போதுதான் செயின்சா வாங்கினார்கள். முத்தியால்பேட்டையைச் சேர்ந்த என் கட்சிக்காரர் அவர்களில் ஒருவர். மெஷினை அவரே பிடித்து அறுப்பார். கிளையை இழுத்துப் போட ஒரு கையாள் உண்டு.

மெஷினோடு வந்த செயின் தேய்ந்ததும், வாங்கிய கடையிலேயே புது செயின் கேட்டார். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். பில்லில் 'செயின் 18 இஞ்சு – 1' என்று மட்டும் எழுதியிருந்தது. மாட்டிய நாள் முதல் வெட்டு கோணலாகப் போனது. அடிக்கடி செயின், அது சுற்றி ஓடும் நீளத் தகடான பாரை விட்டுக் கழன்றது. ஒருநாள் பூவரசங்கிளை ஒன்றை அறுக்கும்போது கழன்று வந்து கெண்டைக்காலைக் கீறிவிட்டது. கடைக்குப் போனால், "நீ பல்லை ஒழுங்கா அரம் போடல, அதான் இழுக்குது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் அனுப்பிய நோட்டீசுக்கும் அதே பதில்தான் வந்தது: பராமரிப்புக் குறைபாடு, எனவே உத்தரவாதம் பொருந்தாது.

அந்தப் பதிலை லேசாகத் தள்ள முடியாது. செயினில் இடப்பக்கப் பல்லும் வலப்பக்கப் பல்லும் மாறி மாறி இருக்கும். ஒரு பக்கத்தை அதிகமாகத் தீட்டிவிட்டால் வெட்டு மறுபக்கமாக வளையும். செயினைத் தளர்வாக ஓட்டினாலும் கழன்று விழும். ஆக, அவர்கள் சொன்ன காரணத்தாலும் இந்தக் கோளாறு வரக்கூடியதே. வேறு காரணம் இருப்பதை நாங்கள்தான் காட்ட வேண்டும்.

ஒரு செயின் ஒரு மெஷினுக்குப் பொருந்த மூன்று அளவுகள் சேர வேண்டும். அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் தூரத்தை இரண்டால் வகுத்தால் வருவது பிட்ச். அது செயினைச் சுழற்றும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டோடு ஒத்துப்போக வேண்டும். பாரின் பள்ளத்துக்குள் ஓடும் டிரைவ் லிங்கின் தடிமன் கேஜ். அது பள்ளத்தின் அகலத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். மூன்றாவது, டிரைவ் லிங்குகளின் எண்ணிக்கை; அதுதான் செயினின் நீளம். 'பதினெட்டு இஞ்சு' என்பது பாரின் நீளம் மட்டுமே. அதே பதினெட்டு இஞ்சு பாருக்கு வேறு வேறு அளவில் செயின்கள் உண்டு.

கட்சிக்காரரின் பாரில் வால்பக்கம் பொறித்திருந்ததைத் துடைத்துப் படித்தோம்: பிட்ச் .325 அங்குலம், கேஜ் 1.5 மில்லிமீட்டர், டிரைவ் லிங்க் 72. கடை கொடுத்த செயினிலும் பிட்ச் .325, லிங்க் 72. அதனால்தான் மாட்டும்போது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் அதன் கேஜ் 1.3. பெரிய செருப்புக்குள் சின்னக் கால் போல, பள்ளத்துக்குள் செயின் சாய்ந்து ஆடியிருக்கிறது.

அவருடைய பழைய செயின் ஒரு டப்பாவில் எண்ணெயோடு கிடந்தது. "தூக்கிப் போட மனசு வரல சார்" என்றார். வழக்கைத் தாங்கியது அதுதான். அதன் கேஜ் 1.5. அதைவிட முக்கியமாக, எல்லாப் பற்களும் இரண்டு பக்கமும் ஒரே அளவாக, பல்லின் மேலிருக்கும் தேய்மானக் குறி வரைக்கும் தீட்டப்பட்டிருந்தன. பல்லுக்கு முன்னால் இருக்கும் ஆழக் கட்டுப்பாட்டு முனையையும் அவ்வப்போது இறக்கியிருந்தார். .325 செயினுக்கு உரிய 4.8 மில்லிமீட்டர் வட்ட அரம் அவர் பையில் இருந்தது. பராமரிக்கத் தெரியாதவர் என்ற வாதத்துக்கு இதைவிடப் பதில் வேண்டுமா?

எதிர்த்தரப்பு முதலில் எடுத்தது சட்டப் பிரச்சினை. தொழிலுக்காக வாங்கியதால் இவர் நுகர்வோரே அல்ல என்றார்கள். 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வணிக நோக்கத்துக்கு வாங்குபவருக்கு இடமில்லை என்பது உண்மை. ஆனால் தன் பிழைப்புக்காகத் தானே பயன்படுத்தும் பொருளுக்கு அந்த விலக்கு பொருந்தாது. கோவை பி.எஸ்.ஜி. தொழிற்பயிலகத்தை எதிர்த்து லட்சுமி எஞ்சினியரிங் ஒர்க்ஸ் நடத்திய வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. அந்த நிறுவனம் தோற்றது. ஆனால் தானே ஓட்டிப் பிழைக்க மெஷின் வாங்குபவர், ஓரிரு உதவியாட்கள் வைத்திருந்தாலும், நுகர்வோர்தான் என்று தீர்ப்பில் இருக்கிறது. என் கட்சிக்காரரின் கையாளுக்கு அந்த வரி போதும்.

நுகர்வோர் மன்றத்தில் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வது வழக்கமில்லை, பிரமாண வாக்குமூலம்தான். எழுத்து மூலம் கேள்வி அனுப்பலாம் என்பதை 2002இல் ஜே.ஜே. மெர்ச்சன்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. மூன்றே கேள்வி அனுப்பினேன். இந்த மெஷினின் பாருக்கு என்ன கேஜ்? நீங்கள் விற்ற செயினுக்கு என்ன கேஜ்? பில்லில் ஏன் எழுதவில்லை? முதல் கேள்விக்குச் சரியான பதில் வந்தது. இரண்டாவதற்கு 'பொருத்தமானது' என்று வந்தது. மூன்றாவதற்குப் பதிலே இல்லை.

பிறகு அந்த 1986 சட்டத்தின் 13(1)(சி) பிரிவின்படி இரண்டு செயின்களையும் பாரையும் முத்திரையிட்டுப் பரிசோதனைக்கு அனுப்பக் கேட்டு, கட்டணத்தை நாங்களே கட்டினோம். அறிக்கை இரண்டு விஷயம் சொன்னது: விற்ற செயினின் கேஜ் பாருக்குப் பொருந்தாது, அந்தச் செயினின் பற்களைத் தீட்டியதில் இடம், வலம் என்று வித்தியாசமில்லை.

மன்றம் செயினின் விலையைத் திருப்பித் தரவும், பள்ளம் கெட்டுப்போன பாரை மாற்றித் தரவும், மன உளைச்சலுக்கு இழப்பீடும் வழக்குச் செலவும் கொடுக்கவும் உத்தரவிட்டது. வேலை போன நாட்களுக்கான கூலியை மறுத்துவிட்டது. அவரிடம் கணக்குப் புத்தகம் இல்லை. காலில் பட்ட காயத்துக்கும் மருத்துவச் சீட்டு இல்லாததால் தனியாக எதுவும் கிடைக்கவில்லை. மேல்முறையீட்டுக்குப் போக ஆவணம் இல்லாததால் அதோடு நிறுத்திக்கொண்டோம்.

இன்று நடைமுறையில் இருப்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம். மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை. குறை ஏற்பட்ட இரண்டு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மெஷின் வைத்துப் பிழைப்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: உதிரிப் பாகம் வாங்கும்போது அளவு முழுவதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள், கழற்றிய பழைய பாகத்தை, புதியது ஒழுங்காக ஓடும் வரை எறியாதீர்கள், தினக்கூலியை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.