மரமும் மினுக்கும்

அன்பு மக்களே ஜெரோம்,

நீ அனுப்பின படங்களைப் பார்த்தேன். ஒன்று தேன் நிற லாக்கர் அடித்த மேப்பிள் டிரம் செட், மற்றது கறுப்பு ராப் என்ற பிளாஸ்டிக் தாள் ஒட்டிய பிர்ச். "எந்த மரம் மாமா நல்லது?" என்று கேட்டிருக்கிறாய். எங்கே வாசிக்கப்போகிறாய் என்று தெரியாமல் அதைச் சொல்ல முடியாது. உன் விஷயத்தில் எனக்குத் தெரியும்: ஞாயிறு கோயில் கொயர், மற்ற நாள் கல்யாண மண்டபத்தில் கச்சேரி. அதனால் சொல்கிறேன், பிர்ச்சை எடு.

மேப்பிளைக் குறை சொல்லவில்லை. மேலும் கீழும் சமமாகப் பேசும், கார்வை நீளம். ஆனால் ஓடுகூரையும் வெறுஞ்சுவருமான மண்டபத்தில் அந்தக் கார்வை பாடுகிறவர் குரலோடும் கீபோர்டோடும் கலந்து குழம்பும். பிர்ச் அடித்ததும் பளிச்சென்று எழும்பிச் சீக்கிரம் அடங்கிவிடும். மைக்கில் சுத்தமாக ஏறும். யமஹா தன் பிர்ச் செட்டுக்கு 'ரெக்கார்டிங் கஸ்டம்' என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. டிரம்மர் ஸ்டீவ் காட் வாசித்துப் புகழ்பெற்ற செட் அது.

மகாகனி என்று யாராவது ஆசை காட்டினால் 'எந்த மகாகனி?' என்று கேள். ஃபிலிப்பைன் மகாகனி என்று விற்பது பெரும்பாலும் லவான். அது வேறு குடும்பத்து மரம்.

இவ்வளவு சொல்லிவிட்டு, மரத்தின் பெயரை மட்டும் நம்பி ஏமாந்துவிடாதே என்றும் சொல்கிறேன். டிரம்மர் ரிங்கோ ஸ்டார் 1963-இல் லண்டன் கடையில் லுட்விக் செட்டைத் தேர்ந்தெடுத்ததே அந்தக் கறுப்புச் சிப்பி நிறத்தில் மயங்கித்தான். உள்ளே இருந்தது மூன்றடுக்குப் பலகை, நடுவில் பாப்லர். இன்றைக்கு அதே பாப்லரை 'படிக்கிற பிள்ளைகளுக்கான செட்' என்று கடைக்காரர்கள் ஒதுக்குகிறார்கள். 1964-இல் டிவியில் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் ரிங்கோ லுட்விக் வாசித்ததைப் பார்த்த அமெரிக்காவோ லுட்விக் வாங்க ஓடியது.

அதனால் கடைக்குப் போனால் முதலில் ஒரு டாமின் ஹெட்டைக் கழற்றச் சொல். ஹெட் உட்காருகிற விளிம்பை விரலால் சுற்றித் தடவிப் பார். மேடுபள்ளம் இருந்தால் எந்த மரமானாலும் ட்யூனிங் நிற்காது. ஷெல்லைத் தட்டையான கண்ணாடிமேல் கவிழ்த்து, உள்ளே செல்போன் லைட்டைப் போட்டு அறையை இருட்டாக்கினால், வெளிச்சம் கசிகிற இடம் காட்டிக்கொடுத்துவிடும். 45 டிகிரியில் கூராகச் சீவிய விளிம்பு நாதத்தைத் திறந்துவிடும். உருட்டின விளிம்பில் ஹெட் அதிகம் மரத்தைத் தொடுவதால் சத்தம் அடங்கி வரும். டேப்பால் விட்டத்தைக் குறுக்கும் நெடுக்கும் அளந்து பார், வட்டம் கோணியிருக்கிறதா என்று. ஷெல்லின் கனமும் கேட்டுக்கொள்: மெல்லியது தாழ்ந்த சுருதியில் பேசும், தடித்தது உரக்கக் கத்தும்.

பினிஷுக்கு வருவோம். தேன் நிற லாக்கர் அழகுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உன் செட் வேனில் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கிடையே பயணம் செய்கிறது. லாக்கரில் விழுந்த கீறல் விழுந்ததுதான். ராப் பல அடிகளைத் தாங்கும். ராப் நாதத்தை அமுக்கும் என்று சிலர் சொல்வார்கள். மண்டபத்துக் கூச்சலில் அதைக் கண்டுபிடிக்கிற காது எனக்கில்லை. ராப்பின் இணைப்பு மட்டும் நன்றாக ஒட்டியிருக்கிறதா பார். மூடிய வேன் வெயிலில் நின்றால் அதுதான் முதலில் கிளம்பும். நம் ஊர் உப்புக்காற்றுக்கு மரத்தைவிட உலோக ரிம்மும் லக்கும்தான் சீக்கிரம் இரையாகும், வாசித்து முடித்ததும் துடைத்துவை.

மிச்சப் பணத்தில் நல்ல ஹெட்டும் பஞ்சு வைத்த பையும் வாங்கு. ஹெட்டைக் கழற்ற மறுக்கிற கடையில் வாங்காதே. அக்காவிடம் விலையை நீ சொல்லாதே, நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா