சாலையில் போகும் இறக்கை

பெரம்பலூர் வழியாகத் திருச்சி போகும் நெடுஞ்சாலையில் எந்த நேரம் நின்றாலும் அரியலூர்ச் சரக்கு கண்ணில் படும். சிமென்ட் மூட்டை, கிளிங்கர், சுண்ணாம்புக்கல் என்று எல்லாமே கனமானவை. அதே சாலையில், சென்னைப் பக்கத்திலிருந்து தென்மாவட்டங்களுக்குப் போகும் காற்றாலை இறக்கைகளும் வருகின்றன. ஒரு டிரெய்லருக்கு ஒரே ஓர் இறக்கை. இன்றைய பெரிய இயந்திரங்களில் அதன் நீளம் 60 மீட்டரைத் தாண்டுகிறது. இரண்டரை ரயில் பெட்டி நீளம். சாதாரண டிரெய்லர் வண்டிக்குச் சட்டம் விடும் நீளம் சுமார் 18 மீட்டர்தான். அதனால் இது ‘ஓ.டி.சி.’, அதாவது அளவு மீறிய லோடு; தனி அனுமதி வாங்கித்தான் ஓட்ட முடியும்.

சிறுவாச்சூருக்கு அருகே சாலையோரம் ஒதுங்கி நின்ற அப்படியொரு வண்டியின் ஆட்களோடு ஒரு காலைப் பொழுது இருந்தேன். ஓட்டுநர், பின்பக்கச் சக்கரத் தொகுதியான டோலியின் ஸ்டீயரிங்கைப் பார்ப்பவர், இரண்டு உதவியாளர்கள். முன்னால் போய் வழி பார்க்கத் தனியாக ஒரு பைலட் ஜீப்.

இறக்கையைத் தட்டிப் பார்த்தேன். கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்து இறுகிய ஓடு. உள்ளே சில இடங்களில் பால்சா மரமும் நுரைப்பலகையும். விமானத்தின் இறக்கையைப் போலவே நீளவாக்கில் ஒரு தண்டு உள்ளே ஓடி முழுப் பாரத்தையும் தாங்குகிறது. புயல்காற்று முழு உடம்பிலும் அழுத்தினால் வளைந்து கொடுத்து நிமிர்ந்துவிடும். ஆனால் ஒரே இடத்தில் ஓர் இரும்பு முனை குத்தினாலோ, தப்பான இடத்தில் பெல்ட் இறுக்கினாலோ ஓட்டுக்குள் அடுக்குகள் பிரிந்துவிடும். வெளியே பெயின்டில் கீறல்கூடத் தெரியாது. கோபுரத்தின் உச்சியில் மாட்டிச் சுழலவிட்ட பிறகுதான் அந்தக் காயம் வாய் திறக்கும்.

அதனால் எங்கே பிடிக்க வேண்டும் என்பதை ஆலையே இறக்கையின்மேல் குறித்து அனுப்புகிறது. தடித்த அடிப்பகுதி இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருந்தது. நுனிப் பக்கம், இறக்கையின் வளைவுக்கே வார்த்த தாங்கியில் ரப்பர் விரித்து உட்கார வைத்திருந்தார்கள். மெல்லிய பின்விளிம்புமேல் பெல்ட் ஏறும் இடத்தில் ஒரு காப்புப் பட்டை.

உதவியாளர் ஒருவர் பெல்ட்களை ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு பெல்ட்டை மட்டும் ராட்செட்டைத் தளர்த்திக் கழற்றினார். நடுவில் ஒரு முறுக்கு விட்டு மறுபடி இறுக்கினார். காரணம் கேட்டேன். “தட்டையா விட்டா ஓட்டத்துல காத்து பட்டு அதிரும் சார். ராத்திரி பூரா ‘ங்ங்ங்’னு பாடும். பாடுற பெல்ட்டு உரசி நூல் பிரிஞ்சிடும். ஒரு முறுக்கு விட்டா அடங்கிடும்” என்றார். பட்டையான எதையும் காற்று அதிர வைக்கும். முறுக்கிய பட்டையில் அந்த அதிர்வு நிலைகொள்ளாது. பாடம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய காற்றியல் அவர் விரல்களில் இருந்தது.

வண்டி கிளம்பியது. சர்வீஸ் ரோட்டிலிருந்து நெடுஞ்சாலைக்கு ஏறும் வளைவில் இழுக்கும் முன்வண்டி திரும்பி முடித்தபோதும் நுனி இன்னும் வயல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. வாக்கி-டாக்கியில் பின்னாலிருந்து குரல் வந்தது: “அண்ணே, இன்னும் கொஞ்சம் ஒடி... போதும், நில்லு. நான் வாலை எடுத்துக்கறேன்.” டோலியின் சக்கரங்கள் எதிர்த்திசையில் திரும்பின. நுனி ஒரு வேப்பமரக் கிளையை ஒரு முழம் விட்டுக் கடந்தது. முன்னவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது. பின்னவருக்கு முன்னால் என்ன வருகிறதென்று தெரியாது. ஒருவர் சொல்லை மற்றவர் நம்பித்தான் வண்டி நகர்கிறது.

டோலி பார்ப்பவரின் ஊர் அரியலூர்ப் பக்கம். பிறகு அங்கே போய் அவரைச் சந்தித்தேன். சுரங்கத்திலிருந்து சிமென்ட் ஆலைக்குப் போகும் டிப்பர்கள் வீட்டு வாசலில் புழுதி கிளப்பிக்கொண்டிருந்தன. அவரும் முன்பு டிப்பர் ஓட்டியவர்தான். “கல்லு லோடுல பயம் பிரேக்கு. இதுல பயம் வளைவு. கல்லு கீழ விழுந்தா அள்ளிப் போட்டுக்கலாம், இது தொட்டாலே போச்சு” என்றார். கனத்தைச் சுமக்க அச்சும் டயரும் எஞ்சினும் பலமாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. நீளமும் மென்மையுமான பொருளுக்கு ஆளின் கவனத்தைத் தவிர வேறு காப்பு இல்லை.

சிறிய விமானங்களைச் சாலையில் கொண்டுபோகிறவர்களுக்கும் இதே கணக்குதான். உதிரிப் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டும் இலகு விமானத்தில் இறக்கையின் மேல்தகடு அரை மில்லிமீட்டர் அளவுக்கே இருக்கும். லாரியில் ஏற்றும்போது இறக்கைகளைக் கழற்றி, மெத்தை வைத்த தாங்கியில் உள்தண்டும் விலாச்சட்டமும் வரும் இடத்தில் பிடித்து நிறுத்த வேண்டும்; அசையும் பாகங்களைப் பூட்ட வேண்டும். மும்பை காந்திவலியில் குடியிருப்பின் மாடியிலேயே ஆறு பேர் அமரும் விமானம் கட்டிய அமோல் யாதவ், 2016 பிப்ரவரியில் அதைப் பாந்த்ரா குர்லா வளாகக் கண்காட்சிக்குக் கொண்டுபோகப் பகுதிகளாகப் பிரித்துக் கிரேன் வைத்து இறக்கினார். பறப்பதற்கென்றே செய்த பொருளுக்குத் தரையில் போகும் தூரம்தான் முதல் சோதனை.

தமிழ்நாட்டில் 1986-இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் காற்றாலைகள் நட்டபோது இறக்கைகள் சாதாரண லாரியில் அடங்கின. இன்று மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. இறக்கையும் பல மடங்கு நீண்டுவிட்டது. இவ்வளவு நீண்ட வண்டி ஒதுங்கி நிற்க, ஆட்கள் குளித்துத் தூங்க, தோதான இடம் நெடுஞ்சாலையில் அரிது. இடம் கிடைக்கும் வரை கண்ணயராமல் ஓட்டுகிறார்கள். கிடைத்த இடத்தில் வண்டிக்கு அடியிலேயே படுக்கிறார்கள்.

ஆலையில் இறக்கை வார்த்தவரைத் தொழிலாளி என்கிறோம், கோபுரத்தில் ஏறி மாட்டியவரைத் தொழில்நுட்பர் என்கிறோம். நடுவில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அதைக் காயம்படாமல் கொண்டுவந்தவருக்கு ‘லாரிக்காரர்’ என்ற பெயர்தான். அந்தத் தூரமும் உற்பத்தியின் ஒரு கட்டமே. இவர்கள் செய்வதும் கைவினையே. காற்று மின்சாரத்துக்கு இலக்கு வைக்கும் அரசும் ஆலைகளும் இந்தப் பாதையில் நீள வண்டிகளுக்கான நிறுத்தங்களையும், ஓட்டும் ஆட்களுக்கு முறையான பயிற்சிச் சான்றையும், ஓட்டத்துக்கு ஏற்ற ஓய்வையும் அந்த இலக்கோடு சேர்த்தே எழுத வேண்டும்.