வற்றும் பெருக்கும்

வருகிற ஜனவரியில் எங்கள் றெஸ்ரோறன்ற் மூன்று நாட்களுக்குப் பூட்டப்படுகிறது. குசினியின் புகைக்கூண்டை மாற்றப் போகிறார்கள். வருட விடுமுறையில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் முதலாளி. இந்த மூன்று நாட்களையும் என்ன செய்வதென்று ஒரு மாதமாக நாங்கள் கதைத்துக் கொண்டிருக்கிறோம்.

நாங்கள் என்றால் நாலு பேர். அடுப்படியில் நிற்கிற அண்ணை, கோப்பை கழுவுகிற தம்பி, மரக்கறி வெட்டுகிற அக்கா, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியலை இரண்டாம் வருடத்துடன் விட்டுவந்து இப்போது நாண் சுடுகிற ஒருவர். அக்காவின் மகனையும் சேர்த்தால் ஐந்து. அவன் இங்கே பிறந்தவன். ஒவ்வொரு விடுமுறை முடிவிலும் 'விடுமுறையில் என்ன செய்தாய்' என்று பள்ளிக்கூடத்தில் எழுதச் சொல்வார்கள். போன வருடம் அவன் எழுதியது ஒரு வரி: அம்மா வேலைக்குப் போனா. அதைப் பார்த்த பிறகுதான் இந்தக் கதையே தொடங்கியது.

கூடாரம் ஒன்று வாங்கினால் மலிவாக முடியும் என்றார் அண்ணை. அக்கா வெங்காயத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"கூடாரத்தில படுத்தது காணும்."

அதற்குமேல் யாரும் வாய் திறக்கவில்லை. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாமில் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்ட ஏறத்தாழ மூன்று இலட்சம் பேரில் அக்காவும் ஒருவர். மழை வந்தால் கூடாரத்துக்குள் வெள்ளம், வெயில் வந்தால் அனல். மலசலகூடத்துக்கு விடிய முன்னரே வரிசை. 2012 செப்ரெம்பரில்தான் அந்த முகாம் முழுதாக மூடப்பட்டது. இந்த நாட்டில் சனங்கள் காசு கொடுத்துக் கூடாரத்தில் படுக்கிறார்கள் என்பதை அக்கா இன்னும் நம்பவில்லை.

அதனால்தான் காம்பர்வான். சுவர் இருக்கிறது, கதவு இருக்கிறது, பூட்டு இருக்கிறது. கழிப்பறையும் இருக்கிறது. 2023இல் கொண்டுவந்த சட்டப்படி, 'சுயவசதி வாகனம்' என்று சான்றிதழ் பெற வேண்டுமானால் கழிப்பறை வாகனத்துடன் பொருத்தப்பட்டிருக்க வேண்டும்; கொண்டு திரிகிற பெட்டி காணாது. கட்டிலை விரித்த பிறகும் உள்ளே அதைப் பாவிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதும் விதி. தம்பி இதை வாசித்துக் காட்டினான். "இதுக்கும் சட்டமோ?" என்று கேட்டுவிட்டு அக்கா கனநேரம் பேசாமல் இருந்தார். வாடகையை நாலாகப் பிரிக்க அன்றிரவே சம்மதித்தார்.

எங்கே போவது என்பதுதான் அடுத்த பிரச்சினை. அதற்குப் போன வருடத்துக் கதையைச் சொல்ல வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை மாங்கெரே பாலத்துக்குக் கிட்ட, அம்பெரி பூங்காக் கரைக்குச் சாப்பாட்டுப் பொதிகளுடன் போனோம். பெருக்கு நேரம் பன்னிரண்டு மணி என்று அட்டவணையில் பார்த்திருந்தோம். போய்ச் சேரும்போது பன்னிரண்டு. கடலோ அரைவாசிதான் நிறைந்திருந்தது. இவ்வளவுதான் இந்தக் கடலின் பெருக்கு, இனி வற்றத்தான் போகிறது என்று நினைத்து, சேற்றில் நடந்து சிப்பித் திட்டொன்றில் போய் அமர்ந்து சாப்பிட்டோம். நிமிர்ந்து பார்த்தபோது எங்களுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் ஓடியது.

நாங்கள் பார்த்தது மற்றக் கடலின் அட்டவணை. ஒக்லண்டுக்கு இரண்டு கடல்கள். கிழக்கே வைட்டமட்டாத் துறை, அது பசுபிக்கின் பக்கம். மேற்கே மனுக்காவ் துறை, அது தஸ்மன் கடலின் பக்கம். ஓட்டாஹூஹூவில் இரண்டுக்கும் நடுவிலுள்ள நிலம் ஒரு கிலோமீற்றர் அளவுதான். மாவோரிகள் தங்கள் வள்ளங்களை அதன்மேல் இழுத்துச் சென்று அடுத்த கடலில் இறக்கினார்கள். அந்தத் தெருவுக்கு இன்றைக்கும் வள்ளம் இழுத்த தெரு என்ற பொருளில்தான் ஆங்கிலப் பெயர். ஆனையிறவைப் பார்த்த எங்களுக்கு இப்படியொரு ஒடுக்கமான நிலம் புதிதல்ல. புதிது எதுவென்றால், இவ்வளவு கிட்டக் கிடக்கிற இரண்டு கடல்களும் ஒரே நேரத்தில் பெருகுவதில்லை என்பது. மேற்கில் பெருக்கு ஏறத்தாழ மூன்று மணித்தியாலம் பிந்தி வருகிறது.

நாங்கள் திட்டில் இருந்த நேரம் வேறு மோசமான நேரம். ஏறுகிற நீரைப் பன்னிரண்டு பங்காக வைத்தால், முதல் மணித்தியாலத்தில் ஒரு பங்கு, அடுத்ததில் இரண்டு, மூன்றாவதிலும் நாலாவதிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று என்று ஏறும். நடு இரண்டு மணித்தியாலத்தில் அரைவாசிக் கடல் வந்துவிடும். ஊரில் எங்கள் நீரேரி வற்றிப் பெருகுவது ஒரு மீற்றரும் இல்லை. மனுக்காவில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மூன்று மீற்றருக்கும் மேல். தண்ணீர் நேராக வருவதுமில்லை. முதலில் வாய்க்கால்களை நிரப்பி எங்களுக்குப் பின்பக்கத்தால் வந்தது. இரண்டாம் வருடப் புவியியலில் இதெல்லாம் படித்த ஒருவர் எங்களுடன் இருந்தார். ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை.

அக்கா கத்தவில்லை. மகனைத் தோளில் ஏற்றினார். பையைத் தலையில் வைத்தார். காலால் தடவித் தடவி நிலம் பார்த்து நடந்தார். நாங்கள் அவர் பின்னால் நடந்தோம். இடுப்பளவுத் தண்ணீர். கரையேறிய பிறகும் அவர் பையைத் தலையிலிருந்து இறக்கவில்லை. 2009 ஏப்ரலில் புதுமாத்தளன் பக்கம் நீரேரிக்குள் இறங்கி நடந்ததை அன்று வரைக்கும் எங்களுக்கு அவர் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. நடந்து காட்டினார்.

ஆகவே இந்தமுறை கடலே வேண்டாம், ரொட்டோருவாவில் வெந்நீர் ஊற்றுப் பார்ப்போம் என்றோம். தம்பிக்கோ வடக்கே தொண்ணூறு மைல் கடற்கரை. பெயர்தான் தொண்ணூறு, உண்மையில் ஐம்பத்தைந்து மைல், 88 கிலோமீற்றர். அந்த மணல் சட்டப்படி நெடுஞ்சாலை. ஆனால் வற்று நேரத்தில்தான் ஓடலாம்; நேரம் தவறிய வாகனங்களைக் கடல் விழுங்கியிருக்கிறது. வாடகை வாகனங்களைக் கடற்கரையில் ஓட்டக்கூடாதென்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. அதுவும் போயிற்று.

முடிவைச் சொன்னது அக்கா.

"அந்தத் தண்ணியிட்டையே போவம். ஒருக்கா நேரம் தெரிஞ்சு போய்ப் பாப்பம்."

அப்படித்தான் மனுக்காவின் தென்கரையில் இருக்கிற ஆஃபிட்டுப் பூங்கா தீர்மானமானது. வயுக்கு வழியாகப் போக வேண்டும். பெருக்கில் குளிக்கலாம், வற்றில் சேறுதான். இந்தத் துறையின் வாயில்தான் 1863 பெப்ரவரி 7ஆம் திகதி ஓர்ஃபியஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் மணல்திட்டில் ஏறி உடைந்தது. 259 பேரில் 189 பேர் இறந்தார்கள். இந்த நாட்டின் கடல் விபத்துகளில் இதைவிடப் பெரியது இல்லை. திட்டு இடம் மாறியிருந்தது. அவர்கள் நம்பியது பழைய வரைபடம். இதைக் கேட்ட அண்ணை, "நாங்களும் அதைத்தானே வைச்சிருக்கிறம்" என்றார். எதைப் பற்றிச் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒனெஹங்காவின் பெருக்கு அட்டவணை ஒட்டியிருக்கிறது. நாளுக்கு ஐம்பது நிமிடம் பிந்தும் என்று மகனே கணக்குப் பார்க்கிறான். அதற்குப் பக்கத்தில் பட்டியல்: அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், குடிதண்ணீர், ரோச், மருந்து. அதன் கீழே அண்ணையின் கையெழுத்தில், 'எல்லாருடைய பத்திரங்களும்'. மூன்று நாள் பயணத்துக்கு, நூறு கிலோமீற்றருக்கு, பத்திரம் எதற்கு? நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்தோம். ஒருவரும் வெட்டவில்லை. அதற்கும் கீழே மகன் 'பந்து' என்று எழுதியிருக்கிறான்.

வானை எந்தப் பக்கம் பார்க்க நிறுத்துவது என்பதில் மட்டும் முடிவில்லை. கடலைப் பார்க்க என்கிறான் மகன். வெளிக்கிடுகிற வழியைப் பார்க்க என்கிறார் அக்கா. நாங்கள் மூன்று பேரும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.