அடுப்பேறாத ரசம்

கோயமுத்தூர் போகிறவர்கள் பேரூரையும் மருதமலையையும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். நான் அவிநாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு சமையலறையையும் பார்த்து வந்தேன்!

பகல் இரண்டு மணிக்குச் சொல்லாமல் போய் நின்றால் எந்த வீட்டில்தான் காய்கறி இருக்கும்? நாலு கத்தரிக்காய், ஒரு பிடி சின்ன வெங்காயம், அவ்வளவுதான். எனக்குச் சங்கடம்; அந்த அம்மாளுக்கு இல்லை. "சித்த இருங்க அம்மிணி" என்றார்.

கத்தரிக்காய் வெங்காயத்தோடு மண்சட்டியில் வெந்தது, மத்தால் கடைந்தார். அப்புறம் ரசம். புளியைக் கரைத்தார். வரமிளகாயைத் தணலில் சுட்டு நொறுக்கினார். வெங்காயத்தையும் சீரகத்தையும் நசுக்கி, உப்பும் கொத்துமல்லித் தழையும் போட்டுக் கையாலேயே பிசைந்து கலக்கினார். தீர்ந்தது! பச்சைப்புளி ரசம் அடுப்பேறுவதே இல்லை. கொதித்தால் பச்சை வெங்காயத்தின் மணம் ஓடிவிடுமே!

மலை மறைவில் மழை குறைந்த பூமி இது. மானாவாரியில் விளைந்த கொள்ளும் சோளமுமே வெகுகாலம் இங்கே சாப்பாடு. கொள்ளு வெந்த நீரைக்கூடக் கொட்டமாட்டார்கள், சகோதரிகளே! நீர் ரசமாகும், கொள்ளைப் பூண்டு சேர்த்துக் கடைந்துவிடுவார்கள்.

சென்னை திரும்பியதும் நானும் பச்சைப்புளி ரசம் செய்தேன். "ரசம் ஆறிப் போயிருக்கிறதே, கொஞ்சம் சுட வைத்துக் கொண்டு வா" என்றார் என் கணவர்!